சிர்க்கோனியம் எரிபொருள் குழாய்க்குக் குரோமியப் பூச்சு: தடிமன் கணக்கிலிருந்து நீராவிச் சோதனை வரை

அணு உலையில் யுரேனிய வில்லைகளை அடைத்து வைக்கும் உறையான, நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு எரிபொருள் குழாயின் மேல் 15 மைக்ரான் தடிமனுக்குக் குரோமியம் பூசினால், ஏறுவது வெறும் 13 கிராம்தான். அந்த 13 கிராமை எங்கே, எப்படி, எவ்வளவு அடர்த்தியாக உட்கார வைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. அழுத்த நீர் உலைகளில் புழங்கும் 9.5 மி.மீ. வெளிவிட்டமும் 0.57 மி.மீ. சுவரும் கொண்ட சிர்க்கலாய்-4 (சிர்க்கோனியக் கலப்புலோகம்) குழாயை அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். ஆய்வகத்தில் 10 முதல் 30 செ.மீ. துண்டுகளில் இதைச் செய்பவர்களுக்கு எல்லா எண்களும் அப்படியே பொருந்தும்.

பூச்சு எதற்கு?

சிர்க்கோனியத்தை உறையாக எடுத்ததற்குக் காரணம், அது நியூட்ரானை அநேகமாகத் தொடாமல் விட்டுவிடுகிறது. உலையின் சாதாரண வெப்பத்தில் நீரையும் நன்றாகத் தாங்கும். குளிர்விப்பு நின்று குழாய் சூடேறும்போதுதான் கதை மாறுகிறது. நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். ஒரு கிலோ சிர்க்கோனியம் முழுதும் எரிந்தால் சுமார் 490 லிட்டர் ஹைட்ரஜனும் 6.4 மெகாஜூல் வெப்பமும் வரும். அந்த வெப்பம் குழாயை மேலும் சூடாக்கும், வினை இன்னும் வேகமாகும். 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமாவில் உலைக் கட்டடங்களின் மேல்தளங்களைச் சிதறடித்தது இந்த ஹைட்ரஜன்தான். அதற்குப் பிறகுதான் "விபத்தைத் தாங்கும் எரிபொருள்" என்ற முயற்சி வேகம் பிடித்தது. அதில் உலைக்குள் சீக்கிரம் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று குரோமியப் பூச்சு. ஃபிராமட்டோம் நிறுவனம் ஆவிப்படிவு முறையிலும் (வெற்றிடத்தில் உலோக ஆவியைப் படியவிடுவது), வெஸ்டிங்ஹவுஸ் குளிர்த்தெளிப்பு முறையிலும் (உலோகத் தூளை உருக்காமல் வேகமாக மோதவிட்டு ஒட்டவைப்பது) பூசிய குழாய்கள் 2019இல் அமெரிக்காவின் வோக்டில்-2, பைரன்-2 உலைகளுக்குள் சென்றன. ரஷ்யா 2021இல் ரஸ்தோவ்-2இல் தன் சோதனைக் கம்பிகளை ஏற்றியது.

பூச்சு குழாயைக் காப்பாற்றிவிடும் என்று எண்ணித் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது வாங்கித் தருவது நேரம். பூசாத குழாயில், 1204 டிகிரி செல்சியஸில், வெளிப்பக்கம் மட்டும் எரிவதாக வைத்து, நீராவியில் சிர்க்கோனியம் எரியும் வேகத்தைத் தரும் பேக்கர்–ஜஸ்ட் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: சுவரில் 17 விழுக்காடு எரிய ஏறக்குறைய 11 நிமிடம். 1204 டிகிரி, 17 விழுக்காடு இரண்டும் அமெரிக்க ஒழுங்குமுறையின் பழைய வரம்புகள். இந்த 11 நிமிடத்தை எவ்வளவு நீட்டுகிறீர்கள் என்பதே பூச்சின் மதிப்பு.

முதல் வேலை: தடிமனை முடிவு செய்தல்

இயந்திரத்தைத் தொடும் முன் காகிதத்தில் உட்காருங்கள். வெப்ப நியூட்ரானை விழுங்கும் அளவு சிர்க்கோனியத்துக்கு 0.185 பார்ன் (ஓர் அணு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பின் அலகு), குரோமியத்துக்கு 3.05 பார்ன். நம் குழாயில் ஒரு செ.மீ. நீளத்துக்கு 1.05 கிராம் சிர்க்கலாய் இருக்கிறது. 15 மைக்ரான் குரோமியம் அதே நீளத்துக்கு 0.032 கிராம். அணு எண்ணிக்கையாக மாற்றிப் பெருக்கினால், அந்த மெல்லிய தோல் விழுங்கும் நியூட்ரான், அடியிலுள்ள மொத்தச் சுவரும் விழுங்குவதில் பத்தில் ஒன்பது பங்கு! "கூட அஞ்சு மைக்ரான் இருக்கட்டுமே" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உறையின் பங்கு உலையின் மொத்த நியூட்ரான் இழப்பில் சிறிதுதான் என்பதால் செறிவூட்டிய யுரேனியம் எரிக்கும் உலைகள் இதைப் பொறுத்துக்கொள்கின்றன.

கீழெல்லையை வைப்பது விபத்து நிலை. 1200 டிகிரியில் குரோமியம் வெளியே ஆக்சைடாகவும், உள்ளே சிர்க்கோனியத்துக்குள் ஊடுருவியும், இரண்டு பக்கமும் கரைகிறது. 5 மைக்ரான் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆவிப்படிவுக்கு 10 முதல் 15 மைக்ரான் நல்ல இலக்கு. குளிர்த்தெளிப்பில் பரப்பு கரடுமுரடாக வருவதால் கூடுதலாகத் தெளித்து, பிறகு மெருகிட்டு, 20–30 மைக்ரானில் நிறுத்துவார்கள்.

முறையைத் தேர்ந்தெடுப்பதில் நீண்ட விவாதம் வேண்டாம். மின்முலாம் மலிவு, ஆனால் குரோமியத்தோடு ஹைட்ரஜனும் குழாய்க்குள் போகும், பூச்சு வலைப்பின்னலாக வெடித்து வரும், கழிவில் நச்சான ஆறிணைதிறன் குரோமியம் இருக்கும். மூன்றில் ஒன்று போதும் அதைத் தவிர்க்க. இங்கே ஆவிப்படிவில் ஒரு வகையான மேக்னட்ரான் ஸ்பட்டரிங்கை எடுத்துக்கொள்கிறோம்: ஆர்கான் அயனிகள் டார்கெட் எனும் குரோமியத் தகட்டை மோதி, அதன் அணுக்களைப் பெயர்த்துக் குழாயில் படியவைக்கும்.

கழுவுதல்

தோல்வியடைந்த பூச்சுகளில் பெரும்பாலானவை தொட்டியருகிலேயே தோற்றுவிடுகின்றன, இயந்திரம் பழியை ஏற்கிறது.

காரக் கழுவியில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், 60 டிகிரியில் 10 நிமிடம். கனிமம் நீக்கிய நீரில் இரண்டு முறை அலசுங்கள். பிறகு அமிலக் குளியல்: கன அளவில் 40 பங்கு நைட்ரிக், 3 பங்கு ஹைட்ரோஃபுளோரிக், மீதி நீர். நைட்ரிக் எப்போதும் ஹைட்ரோஃபுளோரிக்கைப் போல் பத்து மடங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் வினையில் பிறக்கும் ஹைட்ரஜனைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். சிர்க்கலாயில் அனுமதி 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) மட்டுமே. குளியலின் வெப்பம் 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கரையும்போது அதுவே சூடேறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் 10 மைக்ரான் அளவு உரியும். குழாயின் வெளிவிட்டம் அதற்கேற்பக் குறைவதை முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

இப்போது கவனிக்க வேண்டிய கணம். குழாயை அமிலத்திலிருந்து தூக்கியதும் சில நொடிக்குள் ஓடும் நீருக்குள் போக வேண்டும். தொட்டிக்கும் நீருக்கும் இடையில் ஐந்து எட்டு நடக்க வேண்டியிருந்தால் தொட்டியை இடம் மாற்றுங்கள். நடக்கும்போது பரப்பில் காயும் ஃபுளோரைடு படலம் பிறகு எத்தனை அலசினாலும் முழுதாகப் போகாது. கண்ணுக்கு லேசான பழுப்புக் கறையாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அதன் மேல் விழும் குரோமியம் பிடிமானமில்லாமல் நிற்கும், ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவிச் சோதனைக் கலன்) அந்த இடம் கொப்பளித்து வெள்ளைப் பொடி எட்டிப்பார்க்கும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம், எலும்புவரை இறங்கும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கடைசியில் அசிட்டோன், பிறகு ஐசோபுரோப்பனால், இரண்டும் மீயொலித் தொட்டியில் ஐந்தைந்து நிமிடம். தூசியில்லாத காற்றில் உலர்த்தி, பஞ்சு உதிராத கையுறையோடு மட்டுமே தொடுங்கள். ஒரு விரல்ரேகை போதும், பூச்சு உரிந்தபின் அதே ரேகை அப்படியே தெரியும். பரப்பின் கரடு 0.2–0.5 மைக்ரான் சராசரியில் இருக்கட்டும். நீளவாக்கில் ஆழமான கீறல் இருந்தால் அந்தக் குழாயை ஒதுக்குங்கள். கீறலைப் பூச்சு நிரப்பாது. இரண்டு ஓரத்திலிருந்தும் வளரும் குரோமியத் தூண்கள் நடுவில் சேராமல் நிற்க, கீறல் மேல்வரை ஒரு பிளவாக நகலாகும்.

முனைகளை மூடுதல்

குழாயின் இரு முனைகளிலும் மூடி பற்றவைக்க வேண்டும். வெல்டு குளத்தில் குரோமியம் கலந்தால் சிர்க்கோனியத்தோடு சேர்ந்து நொறுங்கும் சேர்மம் உண்டாகும். ஆகவே முனையிலிருந்து சில மில்லிமீட்டர் பூச்சின்றி விட வேண்டும். எத்தனை என்பதை வெல்டிங் பிரிவிடம் எழுதி வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தொப்பி செருகினால் உள்பக்கமும் மூடப்படும், மூடாத உள்பரப்பில் குரோமியத் தூள் புகுந்தால் பிறகு வில்லைகளோடு உரசும். முனைகள் குளிர்ந்த பகுதியில் நிற்பதால் அந்தச் சில மி.மீ. வெற்றிடம் விபத்துக் கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது. குழாயின் நடுநீளத்தில் விட்ட இடைவெளி அப்படியில்லை.

வெற்றிட அறைக்குள்

குழாய் சுழல வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வது வேகக் கணக்கில். தட்டையான சோதனைத் தகட்டில் மணிக்கு 6 மைக்ரான் ஏறுகிறது என்று வைத்து, 15 மைக்ரானுக்கு இரண்டரை மணி என்று ஓட்டி முடித்தால், குழாயில் 5 மைக்ரான்கூட இருக்காது. ஒரே பக்கமிருந்து வரும் குரோமியத்துக்குக் குழாய் காட்டும் முகம் அதன் விட்டம். பூச வேண்டிய சுற்றளவோ விட்டத்தைப் போல் 3.14 மடங்கு. ஆக, ஒற்றை டார்கெட்டின் முன் சுழலும் குழாயில் வேகம் தகட்டில் உள்ளதில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே, மணிக்கு 1.9 மைக்ரான். 15 மைக்ரானுக்கு எட்டு மணி நேரம்.

வேகத்தைவிடப் பெரிய தொல்லை கோணம். குழாயின் விலாப்புறத்தில் குரோமியம் சாய்வாக வந்து விழுகிறது. சாய்ந்து விழும் அணுக்கள் ஏற்கெனவே வளர்ந்த தூண்களின் நிழலில் இடைவெளி விட்டு அடுக்குகின்றன. இரண்டு அல்லது நான்கு டார்கெட்டுகளைச் சுற்றி நிறுத்துவதும், குழாய்க்கு எதிர்மறை மின்னழுத்தம் கொடுத்து அயனிகளால் தட்டி இறுக்குவதும் இதற்கு மருந்து.

ஓட்டத்தை இப்படி நடத்தலாம்.

1. அறையை 5×10⁻⁴ பாஸ்கலுக்குக் கீழே இறக்குங்கள். கூடவே 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டுங்கள். சிர்க்கோனியம் ஆக்சிஜனுக்குப் பசியோடு அலையும் உலோகம். சுவரில் ஒட்டிய ஈரம் வெளியேறாமல் தொடங்கினால் அதைக் குழாய்தான் குடிக்கும். பம்பை மூடிவிட்டு அழுத்தம் ஏறும் வேகத்தைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இதே எண் வர வேண்டும்.

2. ஆர்கானை 0.5–1 பாஸ்கலுக்கு விட்டு, குழாய்க்கு −500 முதல் −800 வோல்ட் கொடுத்து 20 நிமிடம் அயனியால் சுரண்டுங்கள். அமிலக் குளியலுக்குப் பின் காற்றில் உருவான சில நானோமீட்டர் ஆக்சைடு இப்போதுதான் போகிறது. இந்நேரம் டார்கெட்டைத் திரையால் மூடி, அதன் முகத்தையும் தனியாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

3. சுரண்டல் நின்ற மறு நிமிடமே பூச்சு தொடங்க வேண்டும். ஆர்கான் 0.3–0.6 பாஸ்கல், மின்னழுத்தம் −50 முதல் −100 வோல்ட், குழாயின் வெப்பம் 250–350 டிகிரி, சுழற்சி நிமிடத்துக்கு 5–10.

4. முடிந்ததும் வெற்றிடத்திலேயே 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, பிறகு நைட்ரஜன் விட்டுத் திறவுங்கள். அவசரப்பட்டு 250இல் திறந்தால் பூச்சு மஞ்சளாகவோ நீலமாகவோ நிறம் மாறி வரும்.

வெப்பத்துக்கு மேலெல்லை ஏன்? இறுக்கம் தளர்த்திய சிர்க்கலாய்-4 குழாய் ஆலையிலேயே 460–490 டிகிரியில் பதப்படுத்தி வருகிறது. அதை நெருங்கினால் குழாயின் வலிமை மாறிவிடும், பூசும் முன் வாங்கிய சான்றிதழ் செல்லாது. கீழெல்லைக்குக் காரணம் குரோமியம். அதன் உருகுநிலை 2180 கெல்வின். 300 டிகிரி செல்சியஸ், அதாவது 573 கெல்வின், அதில் கால் பங்குதான். அந்தக் குளிர்ச்சியில் அணுக்கள் தாமாக நகர்ந்து இடைவெளியை அடைக்க மாட்டா, அயனித் தட்டல் கட்டாயம். எதிர்மறை மின்னழுத்தத்தின் அளவு 50 வோல்ட்டுக்குக் குறைந்தால் துளைகள், 150ஐத் தாண்டினால் உள்ளழுத்தம் கூடி விளிம்பிலிருந்து தோலுரியும். சரியான புள்ளி உங்கள் அறையின் வடிவத்தைப் பொறுத்தது, மூன்று நான்கு துண்டுகளைப் பலியிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டார்கெட் 99.95 விழுக்காடு தூய்மை என்று கேட்டால் போதாது, கோபால்ட் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அது உலைக்குள் கோபால்ட்-60 ஆகி ஆண்டுக்கணக்கில் கதிர் வீசும். குரோமியமே குரோமியம்-51 ஆகும். அதன் அரை ஆயுள் 27.7 நாள்தான் என்பதால் எரிபொருளைக் குளத்தில் வைத்திருக்கும் காலத்தில் அடங்கிவிடும்.

வந்தது சரியா என்று பார்த்தல்

மலிவான, நேர்மையான கருவி தராசு. 10 செ.மீ. குழாயில் ஒரு மைக்ரான் குரோமியத்தின் எடை 21.5 மில்லிகிராம். 15 மைக்ரான் என்றால் 322. முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். தராசு 322 காட்டி, வெட்டிப் பார்த்த நுண்ணோக்கிப் படம் 17 மைக்ரான் காட்டினால் மகிழ வேண்டாம், உள்ளே துளைகள் இருக்கின்றன என்று அர்த்தம். நீளக் குழாய்களை வெட்ட முடியாது. குரோமியம் சிர்க்கலாயைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால் உயர் அதிர்வெண் சுழல் மின்னோட்டக் கருவி தடிமனை முழு நீளத்துக்கும் படிக்கும்.

பிடிமானத்துக்கு ஒரு வளையத்தை அறுத்து நசுக்குங்கள். பூச்சில் குறுக்கு விரிசல் வருவது இயல்பு, ஒரு விழுக்காட்டை ஒட்டிய நீட்சியிலேயே வரும். விரிசலுக்கு இடைப்பட்ட தீவுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா, செதிலாகக் கழல்கின்றனவா என்பதுதான் தேர்வு. கழன்றால் கழுவும் தொட்டிக்குத் திரும்புங்கள்.

அடுத்து ஆட்டோகிளேவ்: 400 டிகிரி, 10.3 மெகாபாஸ்கல் நீராவி, 72 மணி. பூசாத சிர்க்கலாய்க்கு இந்தச் சோதனையில் அனுமதி சதுர டெசிமீட்டருக்கு 22 மி.கி. எடைக் கூடுதல், ஏறக்குறைய ஒன்றரை மைக்ரான் ஆக்சைடு. நல்ல குரோமியம் இதில் சிறு பங்குகூட ஏறாது. அழுத்த நீர் உலைக்கான உண்மையான சோதனை 360 டிகிரியில், 18.6 மெகாபாஸ்கலில், போரானும் லித்தியமும் கலந்த நீரில் மாதக்கணக்கில் ஓடும்.

1200 டிகிரி நீராவிச் சோதனையில் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 20 மி.மீ. துண்டை வெட்டி உலைக்குள் தொங்கவிடுவார்கள். அதன் வெளிப்பரப்பு 5.97 சதுர செ.மீ., பூசப்பட்டது. உள்பரப்பும் வெட்டு முகங்களும் சேர்ந்து 5.57, பூசப்படாதவை. பாதித் துண்டு நிர்வாணமாக எரியும், எடை எக்கச்சக்கமாக ஏறும், பூச்சு பயனில்லை என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். இரு முனையிலும் மூடி பற்றவைத்துச் சோதியுங்கள், முடியாவிட்டால் பூசாத துண்டை உடன் வைத்து உள்பரப்பின் பங்கைக் கழியுங்கள்.

சோதனை முடிந்த துண்டைக் குறுக்காக வெட்டி, மெருகிட்டு, நுண்ணோக்கியில் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் குரோமியம் ஆக்சைடு, கண்ணுக்குப் பச்சை கலந்த கருநிறம். அடுத்து மிஞ்சிய குரோமியம். அதன் அடியில் குரோமியமும் சிர்க்கோனியமும் கலந்த மெல்லிய பட்டை. பிறகு குழாய். நடுவிலுள்ள குரோமியத்தை உற்றுப் பாருங்கள். அதன் மணியெல்லைகளில் (படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் கோடுகளில்) உள்ளிருந்து வெளிநோக்கி நரம்புபோல் ஏதேனும் ஓடினால் அது சிர்க்கோனியம் ஆக்சைடு. சிர்க்கோனியம் எல்லைகள் வழியே ஏறி வந்து ஆக்சிஜனுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது; பூச்சின் தடிமன் மிச்சமிருந்தும் காவல் முடிந்துவிட்டது. மணிகள் பெரியதாகவும் எல்லைகள் குறைவாகவும் இருந்தால் இந்த நாள் தள்ளிப்போகும்.

வெப்பத்தை இன்னும் ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். 1330 டிகிரியை ஒட்டி குரோமியமும் சிர்க்கோனியமும் சேர்ந்து உருகிவிடும். இரண்டும் தனித்தனியே 1850ஐத் தாண்டித்தான் உருகும் என்பதை நம்பிப் பயனில்லை. இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவையை நேராகப் பூச நினைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். இரும்பும் சிர்க்கோனியமும் 930 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கும், நடுவில் மாலிப்டினம் போன்ற தடுப்பு அடுக்கு இல்லாமல் அது ஆகாது.

பூச்சு எட்டாத இடங்கள்

குழாய் ஊதி வெடித்தால் நீராவி உள்ளே புகுந்து, பூசாத உள்பக்கத்தை எரிக்கும். வெளிப்பூச்சு அதில் செய்யக்கூடியது, ஊதல் சிறிதாகவும் தாமதமாகவும் இருக்கச் செய்வது மட்டும்.

கொதிநீர் உலையின் நீரில் ஆக்சிஜன் அதிகம். அங்கே தூய குரோமியம் குரோமேட்டாகக் கரையும். அழுத்த நீர் உலையில் நீரில் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருப்பதால்தான் இந்தப் பூச்சு தாக்குப்பிடிக்கிறது. கூடங்குளத்தில் உள்ள வகை உலை, 9.1 மி.மீ. சிர்க்கோனியம்–நியோபியம் குழாயும் செறிவூட்டிய எரிபொருளும் கொண்டது, இந்த வழிக்குள் வரும். ரஸ்தோவில் சோதித்ததும் அதே குடும்பம்தான்.

கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் வேறு கணக்கு. அங்கே இயற்கை யுரேனியம், ஒவ்வொரு நியூட்ரானும் எண்ணிச் செலவழிக்கப்படுவது. சுவரை 0.4 மி.மீ. என்று எடுத்தால், 10 மைக்ரான் குரோமியமே சுவர் விழுங்குவதில் முக்கால் பங்குக்கு மேல் விழுங்கும். எரிபொருள் அதற்குள்ள காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிடும். எங்கள் கணிப்பில் அங்கே வெளிக் குரோமியம் இழப்புக் கணக்குதான். அந்த வகைக் குழாய்களில் பூச்சு உள்ளே இருக்கிறது: சில மைக்ரான் கிராஃபைட். சக்தி திடீரென ஏறும்போது வில்லை விரிந்து குழாயைத் தள்ளும், யுரேனிய அணுப்பிளவில் பிறந்த அயோடின் அந்த இழுவிசையில் விரிசல் போடும். நடுவிலுள்ள கிராஃபைட் உராய்வைக் குறைத்து, இழுவிசையைப் பரவலாக்கி, அயோடினையும் ஓரளவு தடுக்கிறது.

அதன் செய்முறை எளிமையாகத் தெரியும். கிராஃபைட் குழம்பைக் குழாய்க்குள் ஊற்றி வடித்து, உலர்த்தி, 350 டிகிரி வெற்றிடத்தில் சுட வேண்டும். சூட்சுமம் சுடுவதில் இருக்கிறது. குழம்பின் பசையில் உள்ள ஹைட்ரஜன் முழுதும் வெளியேறாவிட்டால், உலைக்குள் அது ஒரே புள்ளியில் சுவருக்குள் இறங்கி, உள்ளிருந்தே குழாயைப் பிளக்கும். சுட்ட குழாயைத் திறந்த காற்றில் நாள்கணக்கில் அடுக்கி வைத்தால் ஈரம் திரும்ப ஏறிவிடும், மறுபடி சுடத்தான் வேண்டும். முனைகளில் படிந்த கிராஃபைட்டை வெல்டுக்கு முன் சுரண்டித் துடைத்து, துடைத்த வெள்ளைத் துணியில் கருமை ஒட்டாமல் போகும்வரை திரும்பத் துடைக்க வேண்டும்.